ஆம்பூருக்கு வந்து சேர்ந்த வானம்

பள்ளிப் பாடங்களில் வானியலுக்கு மட்டும் ஒரு தீராத தலைவலி இருந்தது. சுண்ணாம்பு நீரில் ஊதி அது வெளுப்பதை வகுப்பிலேயே காட்டிவிடலாம். செம்பருத்திப் பூவைப் பிரித்து மேஜையில் பரப்பலாம். நட்சத்திரத்தைக் காட்ட மட்டும் பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்து, நன்றாக இருட்ட வேண்டும். இருட்டினாலும் மேகம் கூடக் கூடாது. மேகமே இல்லாத இரவு வாய்த்தாலும் ஓர் இரவு போதாது. செவ்வாய் நட்சத்திரங்களுக்கு நடுவே முன்னே போய், தயங்கி, பின்வாங்கி, மறுபடி முன்னே நகர்வதைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எந்தப் பள்ளியின் கால அட்டவணையிலும் அதற்கு இடம் கிடையாது. அப்படியானால் வானத்தையே கட்டடத்துக்குள் இழுத்துவந்துவிட்டால் என்ன?

அந்த ஆசை ஐரோப்பியக் கோமகன்களுக்கு வெகுநாளாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் காட்டார்ஃப் அரண்மனைக்காக மூன்று மீட்டருக்கும் அதிக விட்டத்தில் ஒரு கோளம் செய்தார்கள். உள்ளே ஏறி உட்கார்ந்தால் தலைக்கு மேல் நட்சத்திரங்கள் சுற்றின. 1913இல் சிகாகோவில் வாலஸ் அட்வுட் அதைக் கொஞ்சம் பெரிதாக்கினார். நாலரை மீட்டர் உலோகக் கோளம், அதில் 692 துளைகள். துளை வழியே புகும் வெளிச்சம்தான் நட்சத்திரம். பார்க்க அழகுதான். ஆனால் ஒரு சிலரே உள்ளே உட்கார முடிந்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் அண்ணாந்து பார்க்க வேண்டுமானால் கோளம் ஒரு வீடளவு பெரிதாக வேண்டும். வீடளவு பெரிய இரும்புக் கோளத்தை யார் சுழற்றுவது?

சுழற்றியே தீருவேன் என்று நின்றார் மியூனிக் நகரத்து ஆஸ்கர் ஃபான் மில்லர். மின்பொறியாளர், 1903இல் டாய்ச்சஸ் மியூசியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தை நிறுவியவர். பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. வருகிறவர்கள் பிடியைத் திருப்பி, பொத்தானை அழுத்தி, தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பார். வானமும் அப்படியே வேண்டும் என்று யேனா நகரத்துக் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் கதவைத் தட்டினார். லென்சுகளுக்குப் பேர்போன அந்த நிறுவனம் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டது. ராட்சதக் கோளத்துக்கான யோசனைகள் காகிதத்தில் ஏறத் தொடங்கியபோது 1914இல் உலகப் போர் வெடித்தது. ஸைஸின் லென்சுகள் போர்முனைக்குப் போயின, வானம் கிடப்பில் விழுந்தது. அந்தத் தாமதம்தான் அதைக் காப்பாற்றியது.

போர் முடிந்த அடுத்த ஆண்டு, 1919இல், ஸைஸின் பொறியாளர் வால்தர் பவர்ஸ்ஃபெல்ட் பழைய வரைபடங்களைத் திரும்ப எடுத்தார். வானியலாளர் இல்லை அவர், இயந்திரங்களோடு புழங்கியவர். எத்தனை டன் இரும்பு, எத்தனை பல்சக்கரம் என்று மற்றவர்கள் கணக்குப் போட்ட இடத்தில் அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். கோளம் எதற்காகச் சுழல வேண்டும்? அது வெள்ளைக் கூரையாக அசையாமல் நிற்கட்டும். நடுவே ஒரு சிறு கருவி வைத்து, அதிலிருந்து நட்சத்திரங்களைக் கூரையில் ஒளியாக விழச் செய்தால் சுழல வேண்டியது அந்தக் கருவி மட்டும்தானே! டன் கணக்கான இரும்பு ஒரே நாளில் தேவையற்றுப் போனது. அதன் இடத்தில் பல ஆண்டுக் கணக்கு வேலை வந்து உட்கார்ந்தது. சூரியன், சந்திரன், கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்கள் ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு, தனிப் பல்சக்கர வரிசை. ஏறக்குறைய 4,500 நட்சத்திரங்களுக்கு மெல்லிய உலோகத் தகட்டில் நுண்துளைகள், பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பெரிய துளை, மங்கலானதற்குச் சின்னத் துளை.

சோதித்துப் பார்க்க ஒரு கூரை வேண்டும் என்று யேனா தொழிற்சாலையின் மொட்டைமாடியிலேயே பவர்ஸ்ஃபெல்ட் 16 மீட்டர் குவிமாடம் எழுப்பினார். இரும்புக் கம்பிகளை முக்கோண முக்கோணமாகப் பின்னி, மேலே மெல்லிய கான்கிரீட் பூசிய கட்டுமானம். பிற்காலக் கட்டடக் கலைக்கே அது ஒரு முன்னோடி. 1923 ஆகஸ்டில் அங்கே முதன்முதலாக விளக்கை அணைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று கருவி மியூனிக்கில் காட்டப்பட்டது. 1925 மே 7 முதல் டாய்ச்சஸ் மியூசியத்தில் நிரந்தரமாக இயங்கியது. ஓர் ஆண்டுப் பயணத்தைக் கோள்கள் சில நிமிடங்களில் முடித்தன. யேனாவின் அதிசயம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அந்த அதிசயத்துக்குள் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

அந்தக் கருவிக்கு ஒரே ஓர் ஊர்தான் தெரியும். மியூனிக். பூமியில் 48 டிகிரி வடக்கே நிற்பவருக்கு வானம் எப்படித் தெரியுமோ அப்படி மட்டுமே அது காட்டியது. அங்கே துருவ நட்சத்திரம் பாதி வானத்துக்கு மேல் ஏறி நிற்கும். வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ அது தொடுவானத்திலிருந்து 13 டிகிரிதான். வடக்கே ஒரு மாடி வீடு இருந்தால் மறைந்துவிடும். மாறாக, நம் ஊரில் பிப்ரவரி இரவுகளில் தெற்கே பளிச்சென்று நிற்கும் அகத்தியர் நட்சத்திரம் மியூனிக்கில் ஆண்டு முழுவதும் ஒரு நாளும் உதிப்பதே இல்லை. பவர்ஸ்ஃபெல்டின் கருவியில் அகத்தியருக்கு ஒரு துளைகூடப் போட வேண்டியிருக்கவில்லை. உலகத்தின் முதல் புரொஜெக்டர் வானத்தில் தென்னாட்டு வானத்துக்கு இடமே இல்லாமல் இருந்தது.

ஸைஸில் இருந்த வால்தர் விலிகர் என்ற வானியலாளர் அதைச் சரிசெய்தார். கருவிக்கு இரண்டு தலைகள் வைத்தார், வட வானத்துக்கு ஒன்று, தென் வானத்துக்கு ஒன்று. நடுவில் கோள்களின் சக்கரங்கள். முழுக் கருவியையும் முன்னும் பின்னும் சாய்த்தால் பார்ப்பவர் துருவத்திலிருந்து பூமத்தியரேகை வரை பயணம் போகலாம். 1926 முதல் இந்த இரட்டைத்தலைக் கருவி ஊர் ஊராகப் போயிற்று. நட்சத்திரங்களைத் துல்லியமாக வைப்பதைவிடப் பார்க்கிறவர் நிற்கும் இடத்தை மாற்றுவதுதான் கடினமான வேலை என்று இந்தக் கதை நெடுக மறுபடி மறுபடி தெரியவந்தது.  அந்தக் கருவிக்கு விலை கொடுக்கத்தான் எல்லோராலும் முடியவில்லை.

குவிமாடம் கட்ட வேண்டும், ஸைஸ் கருவி வாங்க வேண்டும், இயக்க ஆள் வேண்டும். இந்தியாவில் புனேயின் நியூ இங்லிஷ் ஸ்கூல் என்ற பள்ளிக்கூடம் 1954இல் ஒரு சிறிய கோளரங்கத்தை அமைத்துக்கொண்டது, பள்ளிக்கூடம் ஒன்று அதைச் செய்ததே பெரிய சங்கதி. 1963இல் கல்கத்தாவின் பிர்லா கோளரங்கத்தை நேரு திறந்துவைத்தார். சென்னைக் கோட்டூர்புரத்துக்கு 1988இல்தான் வந்தது. அதுவரை வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குச் செயற்கை வானம் என்பது பாடப் புத்தகத்துப் புகைப்படம். வந்த பிறகும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தாண்டி, வாழ்நாளில் ஒருமுறை போகும் சுற்றுலா. இருந்தும், சென்னைக் கோளரங்கம் வருவதற்கு வெகுமுன்பே அசல் வானத்தைத் தேடி ஒருவர் இந்தப் பக்கமே மலையேறிக்கொண்டிருந்தார்.

வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்து, ஹார்வர்டில் படித்தபோது 1949இல் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1960இல் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குத் தலைவராக வந்தார். சூரியனைப் பார்க்கக் கோடைக்கானல் சரி. இரவு வானத்துக்கு வேறு மலை வேண்டும். பூமத்தியரேகைக்கு நெருக்கமாக, வட வானமும் தென் வானமும் சேர்ந்து கிடைக்கும் இடமாக, ஊர் வெளிச்சம் எட்டாத காடாக இருக்க வேண்டும். தென்னிந்தியா முழுக்கத் தேடி அவர் நிறுத்திய விரல், ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைக்குள் இருந்த காவலூர் மேல் விழுந்தது. 12.6 டிகிரி வடக்கு. கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர். சுற்றிலும் சந்தன மரக் காடு. கீழே பாலாற்றுப் பகுதி நெடுக ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று டேனரிகள் வரிசையாக நின்றன. மேலே, கோடைக்கானல் பட்டறையில் கையால் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு 1968இல் வேலை தொடங்கியது. அடுத்து வந்த கருவி எந்த ஊரிலிருந்து வந்தது என்பதில்தான் ஒரு சுவாரசியம்.

யேனாவிலிருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸைஸ் நிறுவனம் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளந்திருந்தது. கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் யேனா செய்த 1 மீட்டர் தொலைநோக்கி 1972இல் காவலூர் வந்து சேர்ந்தது. செயற்கை வானத்தைப் பெற்ற தொழிற்சாலையே அசல் வானத்தைப் பார்க்கும் கண்ணையும் அனுப்பிவைத்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி இரவு அந்தக் கண் ஒரு விசித்திரத்தைக் கண்டது. யுரேனஸ் ஒரு மங்கல் நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகப்போகும் நேரம் கணக்கிடப்பட்டிருந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். குறித்த நேரத்துக்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. யுரேனஸுக்கு இன்னும் தூரம் இருந்தது. பிறகு யார் மறைத்தார்கள்?

அது யுரேனஸின் வளையம். இந்துமாக்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி அமெரிக்கர்களும் அதே இரவில் அதே மங்கலைக் கண்டார்கள். வளையங்களைக் கண்டுபிடித்த பெருமை அவர்களுக்குப் போனாலும், அன்று வானத்தைப் பதிவுசெய்த இடங்களில் ஒன்று ஆம்பூருக்குத் தெற்கே சில மலை முகடுகளுக்கு அப்பால்தான் இருந்தது. பாப்பு அடுத்து 2.3 மீட்டர் ஆடியோடு ஒரு பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்யத் திட்டமிட்டார். ஆடியைப் பெங்களூரில் தேய்த்தார்கள். அது முடியும் முன்பே, 1982 ஆகஸ்ட் 19 அன்று, பாப்பு காலமானார். எந்த ஊரில் என்றால், மியூனிக்கில். 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். அப்போது ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று அது. ஆனால் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அந்த வானம் இன்னும் எட்டவில்லை. எட்டவைக்கும் வேலை வேறொரு பக்கம், கணினித் திரையில், நடந்துகொண்டிருந்தது.

விமானிகளுக்குப் பயிற்சிக் கருவி செய்துவந்த ஈவன்ஸ் அண்ட் சதர்லண்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 1983இல் ரிச்மண்ட் நகர அறிவியல் அருங்காட்சியகத்தில் டிஜிஸ்டாரை இறக்கியது. பல்சக்கரமே கிடையாது. நட்சத்திரங்கள் கணினி நினைவகத்தில் எண்களாக இருந்தன. எண்கள் என்றான பிறகு பூமியில் எங்கே நிற்கிறோம் என்பதோடு நிற்க வேண்டியதில்லை. பூமியை விட்டே கிளம்பி வேறொரு நட்சத்திரத்திலிருந்து வானத்தைப் பார்க்கலாம். இதற்கு முந்தைய ஆண்டு வந்த ஸ்டார் டிரெக் படத்தின் தொடக்கத்தில் பார்வையாளர்களை நோக்கிப் பாய்ந்துவந்த நட்சத்திரங்கள் இந்தக் கருவியின் கைவரிசைதான். பவர்ஸ்ஃபெல்ட் இரும்புக் கோளத்தைத் தேவையற்றதாக்கினார். இவர்கள் அவருடைய கருவியையே தேவையற்றதாக்கினார்கள். ஆனால் எண்கள் சரியாக இருந்தால்தானே அந்தப் பயணம் சரியாக இருக்கும்? நட்சத்திரங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அதுவரை யாருக்கும் நன்றாகத் தெரியவில்லை.

அதை அளக்கத்தான் ஐரோப்பிய விண்வெளி முகமை ஹிப்பார்கஸ் என்ற செயற்கைக்கோளைச் செய்தது. காற்று மண்டலம் நட்சத்திர ஒளியை நடுங்கச் செய்யும்; அதற்கு மேலே போய்விட்டால் ஒவ்வொரு நட்சத்திரத்தின் இடத்தையும் ஒரு பாகை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை குறித்துவிடலாம். பூமி சூரியனைச் சுற்றும்போது பக்கத்து நட்சத்திரம் லேசாக இடம் மாறித் தெரியும். அந்த லேசான மாற்றத்திலிருந்து தூரம் கிடைக்கும். 1989 ஆகஸ்ட் 8 அன்று ஏரியன் ராக்கெட் அதைச் சுமந்து கிளம்பியது. ஏவுதல் கச்சிதம். பிறகு, செயற்கைக்கோளைக் கடைசிச் சுற்றுப்பாதைக்கு உயர்த்த வேண்டிய எஞ்சின் பற்றவைக்கவே மறுத்தது.

மறுபடி மறுபடி கட்டளை அனுப்பினார்கள். எஞ்சின் அசையவில்லை. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றி, ஒரே ஒரு நிலையத்தோடு பேசிக்கொண்டு இருக்க வேண்டிய செயற்கைக்கோள் அது. இப்போது அவ்வளவு உயரம் போய், அங்கிருந்து சில நூறு கிலோமீட்டர் வரை கீழே பாய்ந்து, மறுபடி மேலே ஏறும் நீள்வட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளுக்குள் புகுந்து வெளியே வந்தது. சூரியத் தகடுகள் தேயும், கருவிகள் பழுதாகும். பல ஆண்டு உழைப்பு சில மாதங்களில் செத்துவிடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

திட்ட விஞ்ஞானி மைக்கேல் பெரிமனும் அவருடைய குழுவும் அதைக் கைவிடவில்லை. கூடுதல் தரை நிலையங்களைச் சேர்த்தார்கள், கணக்குகளைப் புதிய பாதைக்கேற்ப மாற்றி எழுதினார்கள். சுழல்மானிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிவந்த நிலையிலும் அளவெடுத்தார்கள். இரண்டரை ஆண்டு வாழ வேண்டிய செயற்கைக்கோள் தவறான பாதையில் 1993 வரை இழுத்துக்கொண்டு போனது. திட்டமிட்டதைவிட நல்ல அளவுகள் கிடைத்தன. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். செத்துப்போனதாக எழுதிவைத்த இயந்திரத்தை உட்கார்ந்து பேசிப் பேசி வேலை வாங்கிய அந்தப் பிடிவாதம். 1997இல் 1,18,218 நட்சத்திரங்களின் அட்டவணை வெளியானது. புத்தகமாகவும் சிடியாகவும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி. அதை எடுத்துக்கொள்ள ஒருவர் காத்திருந்தார். தான் காத்திருப்பது அவருக்கே அப்போது தெரியாது.

அந்த நேரத்தில் இன்னும் இரண்டு பொருள்கள் வேறு வேறு காரணத்துக்காகத் தயாராகியிருந்தன. ஒன்று, பாரிசில் பிரெதாஞ்ஞோனும் ஃபிரான்கூவும் 1980களின் கடைசியில் எழுதி முடித்த சூத்திரத் தொகுப்பு. பல ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் கோள்கள் எங்கே இருக்கும் என்று சொல்வது. இன்னொன்று, கணினியில் விளையாட்டு ஆடும் பையன்களுக்காக 1990களின் இறுதியில் மலிவாகிப்போன முப்பரிமாண கிராஃபிக்ஸ் அட்டை. துப்பாக்கிச் சண்டையும் கார் பந்தயமும் தத்ரூபமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த அட்டை, லட்சம் நட்சத்திரங்களை ஒரே நொடியில் திரையில் தூவவும் போதுமானதாக இருந்தது. பதினைந்து ஆண்டுக்கு முன்னால் டிஜிஸ்டாரின் ராட்சதக் கணினி செய்த வேலை, வீட்டு மேஜைக்கு வந்துவிட்டது. மூன்றையும் சேர்த்துக் கட்ட ஒரு கை மட்டும்தான் பாக்கி.

2000ஆம் ஆண்டுக் கோடையில் ஃபபியான் ஷெரோ என்ற பிரெஞ்சு நிரலாளர் அதைச் செய்யத் தொடங்கினார். கம்பெனி இல்லை, முதலீடு இல்லை. ஒரு வானத்தைத் திரையில் எழுப்ப வேண்டும் என்ற ஆசை மட்டும். ஹிப்பார்கஸின் அட்டவணையிலிருந்து நட்சத்திரங்கள், பாரிசின் சூத்திரங்களிலிருந்து கோள்கள், கிராஃபிக்ஸ் அட்டையிலிருந்து வேகம். சூரியன் மறைந்த பிறகு வானம் எப்படிப் படிப்படியாக இருட்டுகிறது, சாயங்காலச் சிவப்பு எங்கே முடிந்து எங்கே கருநீலம் தொடங்குகிறது என்பதைக்கூடக் கணக்காகவே எழுதிச் சேர்த்தார். அந்தி வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்ததால்தான் அது நட்சத்திர வரைபடம் என்பதைத் தாண்டி வானமாகத் தெரிந்தது. காலடியில் நிலம் வேண்டும் என்று ஷெரோ வைத்த படம், பிரான்சில் லியான் நகருக்கு வடக்கே உள்ள கெரேன் என்ற கிராமத்தின் புல்வெளி. 2001இல் அந்த நிரலை இலவசமாக, மூலநிரலோடு இணையத்தில் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். திருத்துவதற்கு யாராவது வருவார்களா?

வந்தார்கள். ராபர்ட் ஸ்பியர்மன் அதை உண்மையான கோளரங்கக் கூரைகளுக்குக் கொண்டுபோனார். யொஹானெஸ் கைடோசிக் கணக்குகளைக் கூர்தீட்டினார். மேத்யூ கேட்ஸ், யோஹான் மெயூரிஸ், பின்னாளில் கியோர்க் ட்சோட்டி, அலெக்ஸாண்டர் வுல்ஃப் என்று பட்டியல் நீண்டது. ஆஸ்திரேலியாவில் பால் பர்க் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் எதிர்வரும் வண்டியைக் காட்ட ஒரு உப்பிய கண்ணாடி நிற்குமே, அதுபோன்ற ஒரு குவி ஆடியில் சாதாரண புரொஜெக்டரின் ஒளியை அடித்தால், அது தெறித்து ஒரு கூடாரக் கூரை முழுவதும் பரவும். படம் ஆடியில் நெளிவதற்கு எதிர்ப்பக்கமாக நிரல் முன்கூட்டியே நெளித்துக் கொடுக்கும். கோளரங்கம் என்ற கோடி ரூபாய்ச் சமாச்சாரம், ஒரு புரொஜெக்டரும் ஒரு ஆடியும் ஒரு லேப்டாப்பும் என்றாகிவிட்டது. 2006இல் பிரான்சின் கட்டற்ற மென்பொருள் போட்டியில் கல்விப் பிரிவின் முதல் பரிசு ஷெரோவின் நிரலுக்குக் கிடைத்தது. அந்த வானத்தைப் படைத்த ஷெரோவை ஐரோப்பியத் தெற்கு ஆய்வகம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அங்கே அவர் அதே நிரலை அடித்தளமாக வைத்து ஆய்வகத்தின் பதிவுகளைத் தேடும் கருவி ஒன்றைச் செய்தார். அலுவலகம் கார்ஷிங்கில். கார்ஷிங் எங்கே இருக்கிறது? மியூனிக்கை ஒட்டி, வடக்கே.

அந்த நிரலின் பெயர் ஸ்டெல்லேரியம். இன்று மொபைலில் வானத்தைத் தூக்கிப் பிடித்து அது வெள்ளியா வியாழனா என்று பார்க்கிறவர்களும், கிரகணத்தன்று தொலைக்காட்சியில் ஓடும் படத்தைப் பார்க்கிறவர்களும், நூலகக் கணினியில் சப்தரிஷி மண்டலத்தைத் தேடும் பிள்ளைகளும் பெரும்பாலும் அதன் பெயரைக் கவனிப்பதில்லை. பள்ளியில் வானியல் கற்பிக்க உலகமெங்கும் அதிகம் புழங்கும் மென்பொருள்களில் ஒன்று அது. அதன் முகப்பு தமிழிலும் பேசும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அதில் விண்டோசோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் அம்மாவின் வீட்டுக்கும், டேனரியில் டிரம் சுழற்றும் அப்பாவின் வீட்டுக்கும் அந்தப் பெட்டி போனது. ஒரு முழுக் கோளரங்கத்தையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளத் தேவையான இயந்திரம் முதல்முறையாக வீட்டுக்குள் வந்திருந்தது. ஆனால் திரையில் வானம் தெரிந்துவிட்டால் பிள்ளைக்கு வானியல் புரிந்துவிடுமா?

புரியாது என்பதை இந்தியாவில் சிலர் ஆராய்ந்தே சொன்னார்கள். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் ஜயஸ்ரீ ராமதாசும் ஷமின் பதல்கரும் பிள்ளைகள் பூமி, சூரியன், சந்திரனை எப்படி மனதில் கற்பனை செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். படத்தைப் பார்ப்பது மட்டும் போதாது; தன் தலையையே பூமியாக்கி மெல்லத் திரும்பி, விளக்கு எந்தக் காதுப் பக்கம் மறைகிறது என்று கவனிக்கும்போதுதான் பகலும் இரவும் பிள்ளையின் உடம்பில் ஏறுகின்றன. திரையில் சூரியன் உதிக்கிறது. உண்மையில் சுழல்வது திரையைப் பார்க்கும் ஆள். தரையிலிருந்து தெரியும் வானத்தையும், விண்வெளியிலிருந்து தெரியும் பூமியையும் பிள்ளை தானே முடிச்சுப் போட வேண்டும். பின்னர் டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் 2015இல் தொடங்கிய கிளிக்ஸ் திட்டம் சத்தீஸ்கர், மிசோரம், ராஜஸ்தான், தெலங்கானா மாநில அரசுப் பள்ளிகளுக்கு ஆஸ்ட்ரோமர் என்ற வானியல் விளையாட்டுச் செயலிகளை உருவாக்கியபோது, கணினிப் பயிற்சியோடு கையால் செய்யும் பயிற்சியையும் ஒரே பாடத்தில் பின்னினார்கள். கிளிக்ஸுக்கு யுனெஸ்கோவின் கிங் ஹமத் பரிசு கிடைத்தது. அந்த மாநிலப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை என்பது எனக்கு ஒரு குறை.

ஸ்டெல்லேரியம் அவசரப்படவில்லை. தொடங்கி இருபது ஆண்டுக்கு மேலாகியும் அதன் பதிப்பு எண் பூஜ்யத்திலேயே ஆரம்பித்துக்கொண்டிருந்தது. 2022 அக்டோபர் 1 அன்றுதான் 1.0 வெளியானது. அதற்குள் காவலூரின் நிலையும் மாறியிருந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிந்து அந்த மலை திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை நெடுக எல்.இ.டி. விளக்குகள் வந்தன. பாப்பு தேடிப் பிடித்த இருட்டுக்கு அடிவாரத்து நகரங்களின் வெளிச்சமே தொல்லையானது. ஆம்பூர் பைபாஸ் ஓரத்து மாடியிலிருந்து எண்ணினால் சில டஜன் நட்சத்திரங்கள் தேறும். அசல் வானம் அப்படி மங்க மங்க, திரையில் இருக்கும் வானத்தின் தேவை கூடிக்கொண்டே வந்தது.

அந்த வானத்தில் மியூனிக்குக்கும் ஆம்பூருக்கும் வித்தியாசம் கிடையாது. இடத்தைக் கேட்கும் கட்டத்தில் ஆம்பூர் என்று கொடுத்தால் துருவ நட்சத்திரம் சரிந்து 13 டிகிரிக்கு இறங்கிவிடும். கெரேனின் புல்வெளிகூடக் கட்டாயமில்லை. பள்ளி மொட்டைமாடியின் நடுவில் நின்று சுற்றிலும் எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, வானத்துப் பகுதியை வெட்டி எடுத்து, நாலு வரி உரைக் கோப்போடு சுருட்டிக் கொடுத்தால் போதும், தண்ணீர்த் தொட்டியும் பக்கத்துத் தெருவின் மசூதி மினாரும் தெற்கே ஜவ்வாது மலை விளிம்பும் தொடுவானமாகிவிடும். நட்சத்திரப் பெயர்களையும் அப்படியே மாற்றலாம். ஒவ்வொரு நாட்டு வானத்துக்கும் அதில் தனிக் கோப்பு உண்டு. பெட்டல்ஜூஸைத் திருவாதிரை என்றும், ஆன்டாரஸைக் கேட்டை என்றும், கனோபஸை அகத்தியர் என்றும் எழுதிச் சேர்க்க ஓர் ஆசிரியரும் ஒரு வகுப்பும் ஒரு விடுமுறைக் காலமும் போதும். காலை பதினோரு மணி அறிவியல் பீரியடில் கடிகாரத்தைப் பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தள்ளினால், அந்த மலை விளிம்புக்கு மேலே 24 டிகிரி உயரத்தில் அகத்தியர் நிற்பார்.